ஓட்டுக் கணக்கும் சீட்டுக் கணக்கும்

மதுரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

விடுதியில் பந்தயம் கட்டியிருக்கிறீர்கள் என்று உன் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். எந்தக் கட்சிக்கு இடம் கூடும், எதற்குக் குறையும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதிப் போட வேண்டும். தவறியவன் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும். ‘பத்திரிகையில் தேர்தல் பக்கம் பார்த்த மாமாவுக்குத் தெரியாமலா இருக்கும், ஒரு நம்பர் சொல்லுங்கள்’ என்று கேட்கிறாய். நம்பர் சொல்லப் போவதில்லை. நம்பரை எப்படிப் போடுவது என்று சொல்கிறேன். உன் புள்ளியியல் பாடத்துக்கும் ஆகும். உதாரணங்களைப் பெரும்பாலும் 2021 வரை நடந்த நம் சட்டமன்றத் தேர்தல்களிலிருந்தே எடுக்கிறேன். முடிந்துபோன தேர்தலைப் பற்றித்தான் கட்சிப் பாசம் குறுக்கே வராமல் பேச முடிகிறது.

முதலில் ஒரு கட்சியை மட்டும் எடுத்துக்கொள். 2006-ல் தேமுதிக தனியாக நின்று, மாநிலம் முழுவதும் 8.38 சதவீத ஓட்டு வாங்கியது. கிடைத்தது ஒரே ஒரு தொகுதி, விருத்தாசலம், அதுவும் விஜயகாந்த் நின்ற தொகுதி. 2011-ல் அதே கட்சி அதிமுகவோடு சேர்ந்து 41 தொகுதிகளில் நின்றது. ஓட்டு 7.88 சதவீதம். கிடைத்தவை 29 தொகுதிகள். எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியே வந்தது. ஓட்டு சதவீதம் குறைந்திருக்கிறது, இடமோ ஒன்றிலிருந்து 29 ஆகியிருக்கிறது. 2006 முடிந்த கையோடு, ‘இந்தக் கட்சிக்கு ஆதரவு வளருமா தேயுமா’ என்று மட்டும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவன், தேயும் என்று சரியாகவே சொல்லியிருந்தாலும் இடக் கணக்கில் படுதோல்வி அடைந்திருப்பான்.

ஆதலால் ‘யாருக்கு ஆதரவு அதிகம்’ என்பதும் ‘யாருக்கு இடம் கூடும்’ என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். டீக்கடையிலும் டிவியிலும் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதற்கும் சேர்த்துச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு பெரிய ஆலை இருக்கிறது. ஒரு பக்கம் ஓட்டு போகிறது, மறுபக்கம் சீட்டு வருகிறது. அந்த ஆலை எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் கணிப்பில் முக்கால் வேலை.

தொகுதியில் யார் முதலில் வருகிறாரோ அவருக்கு இடம். இரண்டாவதாக வந்தவருக்கு ஒன்றும் கிடையாது. விதி இவ்வளவுதான். இதனால் என்ன ஆகிறது? நம் பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொள். கலங்கல் மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும்வரை ஒரு சொட்டுக்கூட வெளியே வராது. அந்த விரற்கடையைத் தாண்டியதும் வருகிற தண்ணீரெல்லாம் வழிந்து ஓடும். ஓட்டும் அப்படித்தான். 2021-ல் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளிலும் நின்று 6.58 சதவீதம் வாங்கியது, இடம் பூஜ்யம். 1996-ல் மதிமுக 5.78 சதவீதம், இடம் பூஜ்யம். சின்னக் கட்சிக்குத்தான் இந்தக் கதி என்றும் எண்ணிவிடாதே. 1991-ல் திமுகவுக்கு 22 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது, இரண்டே இடங்கள்தான். 1996-ல் அதிமுகவுக்கு 21 சதவீதத்துக்கு மேல், நான்கு இடங்கள். மாநிலத்தில் ஐந்து பேரில் ஒருவர் ஓட்டுப் போட்ட கட்சி சட்டமன்றத்தில் ஒரு பெஞ்சில் அடங்கிவிட்டது.

கலங்கல் மட்டம் எத்தனை சதவீதம் என்று கேட்பாய். அது நிலையாக நிற்பதில்லை, எத்தனை பேர் மோதுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். நேருக்கு நேர் மோதினால் ஐம்பதை ஒட்டிப் போக வேண்டும். 1977-ல் அதிமுக, திமுக, காங்கிரஸ், ஜனதா என்று நான்கு முனைப் போட்டி. எம்.ஜி.ஆரின் கட்சிக்கு 30.36 சதவீதம்தான் கிடைத்தது. ஆனால் 130 இடங்கள், தனிப்பெரும்பான்மை! 1989-ல் அதிமுக ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று உடைந்து நின்றது, காங்கிரஸ் தனியாக நின்றது; திமுக 33 சதவீதத்தில் 150 இடங்களை அள்ளியது. இந்த இரண்டு முடிவுகளையும் ‘மக்கள் அலை’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேறு கட்சிகளுக்குப் போன தேர்தல்கள் அவை. எதிரே நின்றவர்கள் பிரிந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

1967 இதற்கு மறுபக்கம். காங்கிரஸ் வீழ்ந்த அந்தத் தேர்தலில், ஒரு கட்சியாகப் பார்த்தால் அதிக ஓட்டு வாங்கியது காங்கிரஸ்தான் என்று சொன்னால் உன் நண்பர்கள் நம்பமாட்டார்கள். காங்கிரஸுக்கு 41.10, திமுகவுக்கு 40.69. இடம் காங்கிரஸுக்கு 51, திமுகவுக்கு 137. திமுக எல்லாத் தொகுதியிலும் நிற்கவில்லை. ராஜாஜியின் சுதந்திரா கட்சி, மார்க்சிஸ்ட்டுகள், முஸ்லிம் லீக் எனத் தோழமைக் கட்சிகளுக்குத் தொகுதிகளை விட்டுக்கொடுத்திருந்தது. முந்தைய 1962 தேர்தலில் காங்கிரஸ் 46 சதவீதம் வாங்கியிருந்தது, எதிரே ஓட்டு சிதறியிருந்தது. அந்த ஐந்து சதவீதச் சரிவு மட்டும் காமராஜரை விருதுநகரில் தோற்கடித்திருக்காது. சிதறிக் கிடந்தது சேர்ந்ததுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். விலைவாசி, அரிசிப் பஞ்சம், இந்தி எதிர்ப்பு இவையெல்லாம் காங்கிரஸை வெறுக்கவைத்தன. வெறுத்தவர்களை ஒரே பொத்தானுக்கு, அதாவது அந்தக் காலத்து முத்திரைக்கு, கொண்டுவந்து சேர்த்தது கூட்டணி.

இதை அளக்க ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. 1980-களில் பிரணாய் ராய், அசோக் லாகிரி, இங்கிலாந்தின் டேவிட் பட்லர் மூவரும் இந்தியத் தேர்தல்களை ஆராய்ந்தபோது எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீடு என்று ஒன்றைக் கையாண்டார்கள். ஆளும் தரப்பு வாங்கியது போக மீதியுள்ள ஓட்டில், எதிர்த்தரப்பின் பெரிய அணி எத்தனை பங்கு வாங்கியது என்பதுதான் அது. நூறு என்றால் எதிர்ப்பு ஓட்டு முழுக்க ஓரிடத்தில். குறையக் குறையச் சிதறல். நம் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 2016-ல் ஆண்ட அதிமுகவுக்கு ஏறக்குறைய 41 சதவீதம். மீதி 59-ல் திமுக அணி 40; குறியீடு 68-ஐ ஒட்டி வருகிறது. மக்கள் நலக் கூட்டணி, பாமக, பாஜக, நாம் தமிழர் என்று மீதியைப் பலர் பங்கு போட்டுக்கொண்டார்கள். 2021-ல் அதிமுக அணிக்கு ஏறக்குறைய 40. மீதி 60-ல் திமுக அணி 45-க்குச் சற்று மேல், குறியீடு 75. ஆளும் தரப்பின் ஓட்டு ஒரே ஒரு சதவீதம் குறைந்ததுபோல் தெரிகிறது. அதன் இடமோ 134-லிருந்து 75 ஆனது.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, அவசரக்காரர்கள் எல்லோரும் அதில்தான் விழுவார்கள். 2016-ல் அதிமுக கிட்டத்தட்டத் தனியாக நின்றது, தோழர்களும் இரட்டை இலையிலேயே நின்றார்கள். 2021-ல் அதனோடு பாமகவும் பாஜகவும் இருந்தன. 2016-ல் பாமக தனியாக 5 சதவீதத்துக்கு மேல், பாஜக 3-ஐ ஒட்டி வாங்கியிருந்தன. மூன்றையும் கூட்டினால் 49 வர வேண்டும். வந்தது 40. ஒன்பது சதவீதம் எங்கே போயிற்று? ஆட்சியின்மேல் சலிப்பு, ஜெயலலிதா இல்லாத இரட்டை இலை, தினகரனின் அமமுக பிரித்த 2 சதவீதச் சொச்சம், கூட்டாளியைப் பிடிக்காமல் நழுவியவர்கள் என்று காரணத்தை ஆளாளுக்குச் சொல்லலாம். பாமக நின்ற 23-ல் ஜெயித்தது 5. சாதி ஓட்டைப் பொட்டலம் கட்டிக் கைமாற்றலாம் என்று நம்புகிறவர்களுக்கு இந்த எண் ஒன்றே போதும். கட்சிகள் மேடையில் கைகோத்துவிடுகின்றன, கிளைக் கழகத்தில் பத்து வருஷமாக முறைத்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்த வீட்டுச் சின்னத்துக்கு மனமுவந்து ஓட்டுப் போடுவார்களா என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆகவே கூட்டணி அறிவித்ததும் போன தடவை வாங்கியதைக் கூட்டி வைத்துக்கொள். அதை மேல்வரம்பாக மட்டும் வைத்துக்கொள்.

இன்னொரு கண்கட்டு, கட்சி வாரியான ஓட்டு சதவீதம். 2001 முடிவைப் பார். அதிமுக 31.44, திமுக 30.92. அரை சதவீத வித்தியாசம். இடம் அதிமுகவுக்கு 132, திமுகவுக்கு 31. ஏதோ மாயம் நடந்ததுபோல் இருக்கும். அதிமுக நின்றது 141 தொகுதிகளில், திமுக நின்றது 183-ல். நிற்காத தொகுதியில் ஓட்டு கிடைக்காது என்பதால், நின்ற தொகுதிகளை மட்டும் வைத்து வகுத்தால் அதிமுகவுக்குச் சுமார் 52 சதவீதம், திமுகவுக்கு 40-க்குச் சற்றுக் கீழே. மாயம் ஒன்றுமில்லை, ஜெயலலிதா மூப்பனாரையும் பாமகவையும் இடதுசாரிகளையும் அழைத்துவந்து தொகுதிகளைப் பங்குவைத்துவிட்டார். 2006-ல் கலைஞர் அதையே செய்தார். அதிமுக 188 தொகுதிகளில் நின்று 32.64 சதவீதம் வாங்கி 61 இடம் பெற்றது. திமுக 132-ல் மட்டும் நின்று 26.46 சதவீதம் வாங்கி 96 இடம் பெற்று, காங்கிரஸ் தோள்கொடுக்க ஆட்சி அமைத்தது. ஆறு சதவீதம் குறைவாக வாங்கிய கட்சியின் தலைவர் முதலமைச்சர்! யாராவது உன்னிடம் ‘எங்கள் கட்சிக்குத்தான் ஓட்டு அதிகம்’ என்று சண்டைக்கு வந்தால், ‘எத்தனை தொகுதியில் நின்றீர்கள்’ என்று கேள்.

இப்போது கணக்கை எப்படிப் போடுவது என்று பார்ப்போம். போன தேர்தலின் தொகுதிவாரி முடிவை ஒரு எக்ஸெல் தாளில் இறக்கு. 234 வரிசை. ஒவ்வொன்றிலும் முதல் மூன்று பேர், அவர்கள் வாங்கிய சதவீதம், வித்தியாசம். வித்தியாசத்தின் வரிசையில் அடுக்கு. இப்போது மாநிலம் முழுவதும் ஆளும் அணியிடமிருந்து எதிரணிக்கு இரண்டு சதவீதம் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு சதவீத வித்தியாசத்துக்குள் ஆளும் அணி ஜெயித்த தொகுதிகள் எல்லாம் கைமாறும். ஒருவரிடம் இரண்டு குறைந்து மற்றவரிடம் இரண்டு கூடுவதால் நான்கு. மூன்று நகர்ந்தால் எத்தனை, ஐந்து நகர்ந்தால் எத்தனை என்று போட்டுப் பார். எதிர்ப்பக்கமும் நகர்த்திப் பார். ஒரு சதவீதத்துக்கு எத்தனை சீட் புரள்கிறது என்று அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். வித்தியாசம் குறைவான தொகுதிகள் அடர்ந்து கிடக்கிற தேர்தல் என்றால் கணிப்பில் அடக்கி வாசிக்க வேண்டும். 2016-ல் ராதாபுரத்தில் 49 ஓட்டு வித்தியாசம், வழக்கு வருஷக்கணக்கில் ஓடியது. 2021-ல் தியாகராய நகரில் 137 ஓட்டு. காட்பாடியில் திமுகவின் பொதுச்செயலாளர் துரைமுருகனே 746 ஓட்டில்தான் கரையேறினார்.

மும்முனைத் தொகுதிகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொள். அவற்றில் இந்தச் சீரான நகர்த்தல் உதவாது. கோவை தெற்கில் 2021-ல் பாஜகவின் வானதி சீனிவாசன், கமல் ஹாசனை 1,728 ஓட்டில் முந்தினார். காங்கிரஸ் வேட்பாளர் மூன்றாவதாக வந்தாலும் நாற்பதாயிரத்துக்கு மேல் வாங்கியிருந்தார். மூன்றில் ஒரு பங்கு ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கிற இடத்தில், மூன்றாமவரிடமிருந்து இரண்டாயிரம் பேர் இரண்டாமவர் பக்கம் சாய்ந்தாலே முடிவு புரண்டுவிடும். மாநிலச் சராசரி அங்கே வேலைக்கு ஆகாது.

இங்கிலாந்தில் பழைய விதி ஒன்று உண்டு: இரண்டு பெரிய கட்சிகளின் ஓட்டு விகிதத்தை மும்மடியாக்கினால் இட விகிதம் கிடைக்கும் என்பார்கள். 2021-ஐ அதில் போட்டுப் பார்த்தேன். 45.4-க்கு 39.7 என்ற விகிதம் மும்மடியானால் திமுக அணிக்கு 140 இடம் வர வேண்டும். வந்தது 159. நம் ஊர் ஆலை அதைவிட வேகமாகச் சுற்றுகிறது. ஒரு காரணம், பெரிய இரண்டு கட்சிகளுக்கும் எல்லா மாவட்டத்திலும் ஆள் இருக்கிறது. ஓட்டு ஓரளவு சமமாகப் பரவிக் கிடப்பதால், காற்று அடித்தால் எல்லாத் தொகுதியிலும் சேர்ந்து அடிக்கிறது.

ஓரளவு என்றுதான் சொன்னேன். அதே 2021-ல் சென்னையின் 16 தொகுதிகளும் திமுக அணிக்கு, கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அதிமுக அணிக்கு. மேற்கே ஒரு காற்று, வடகிழக்கே ஒரு காற்று. அதனால் மாநிலத்துக்கு ஒரே எண்ணாக நகர்த்தாமல் சென்னையைச் சுற்றி, வட மாவட்டங்கள், கொங்கு, டெல்டா, தெற்கு என்று ஐந்தாகப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நகர்த்து. இதற்கு மேல் நுணுக்கம் வேண்டுமென்றால் தேர்தல் ஆணையத்தின் ஃபார்ம் 20-ஐ எடு. பூத் வாரியாக யாருக்கு எத்தனை என்று இருக்கும். ஆனால் அதற்குள் இறங்கினால் பருவத்தேர்வு போய்விடும்.

தொகுதிகளை ஒப்பிடும்போது பெயரை நம்பாதே. 2008 மறுவரையறைக்குப் பிறகு நடந்த முதல் சட்டமன்றத் தேர்தல் 2011. பல தொகுதிகள் காணாமல் போயின, பெயர் தப்பியவற்றின் எல்லை மாறியது. 2006-ல் அந்தப் பெயரில் இருந்ததும் 2011-ல் இருந்ததும் வேறு வேறு ஊர்கள்.

இனி கருத்துக்கணிப்பு. உன் கடிதத்தில் பாதி அதைப் பற்றித்தான். ஆயிரம் பேரைக் கேட்டால் பிழை மூன்று சதவீதம் என்று பாடத்தில் படித்திருப்பாய். அது ஒரு கட்சியின் பங்குக்கு. இரண்டு கட்சிகளின் இடைவெளிக்கு அந்தப் பிழை கிட்டத்தட்ட இரட்டிப்பு. பத்தாயிரம் பேரைக் கேட்டாலும் இடைவெளியில் இரண்டு சதவீதம் அப்படியிப்படி ஆகலாம். 2016-ல் இரு அணிகளுக்கும் இடையே இருந்ததே ஒரு சதவீதம்! வாக்குப்பதிவு முடிந்த அன்று வந்த வாக்குக்கணிப்புகளில் பெரும்பாலானவை திமுகவுக்கு ஆட்சி என்றன. ஆட்சி அதிமுகவிடமே நின்றது. கணித்தவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று அப்போது பலர் திட்டினார்கள். அத்தனை நெருக்கமான தேர்தலில் யார் என்று உறுதியாகச் சொன்னதுதான் அவர்கள் செய்த குற்றம் என்பேன். இன்னொன்றையும் கவனி: பத்தாயிரம் பேரை 234 தொகுதிகளில் பிரித்தால் தொகுதிக்கு 43 பேர்கூட இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் தொகுதி தொகுதியாகக் கேட்டு இடம் சொல்வதில்லை, ஓட்டு சதவீதத்தைக் கேட்டுவிட்டு, ஏதோ ஒரு சூத்திரத்தால் இடமாக மாற்றுகின்றன. கேட்டதில் தப்பு வராவிட்டாலும் மாற்றியதில் வரும். 2021-ல் யார் ஜெயிப்பார்கள் என்று அநேகமாக எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். ஆனால் திமுக அணிக்கு 175-ம் அதற்கு மேலும் என்று சொன்ன நிறுவனங்கள் உண்டு. மக்களவைத் தேர்தலிலும் இதே கதைதான். 2019-ல் பாஜக 37 சதவீதச் சொச்சத்தில் 303 இடம் வாங்கியது. 2024-ல் ஓட்டு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இறங்கியது. இடம் 240 ஆயிற்று. கணிப்புகளில் பலவும் கூட்டணிக்கு 350-க்கு மேல் சொல்லியிருந்தன, வந்தது 293.

எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதைவிட யாரைக் கேட்டார்கள் என்பது பெரிய விஷயம். 1936-ல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிலை வாங்கி வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46-ஐ ஜெயித்தார். டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியலைப் பார்த்துச் சீட்டு அனுப்பினார்கள்; கோபமுள்ளவர்கள்தான் மெனக்கெட்டுப் பதில் எழுதினார்கள். உன் போனில் வருகிற ‘உங்கள் ஓட்டு யாருக்கு’ என்ற லிங்க்கும் அதே ஜாதிதான், தூக்கிப் போடு. ஒழுங்கான கணிப்பு என்றால் எத்தனை பேர், எந்தத் தேதியில், எந்தெந்தத் தொகுதியில், எப்படிப் பொறுக்கியெடுத்தார்கள் என்று சொல்லியிருக்கும். சொல்லாததற்கு உன் தாளில் இடம் வேண்டாம். முதல் நாள் பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரைமணி ஆகும்வரை வாக்குக்கணிப்பை வெளியிடச் சட்டத்தில் தடை இருக்கிறது. அதற்குள் ‘உள்ளிருந்து வந்த தகவல்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதெல்லாம் யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்தது.

கூட்டத்தைப் பார்த்துக் கணிக்கிற பழக்கம் நம் ஊரில் ரொம்பப் பழையது, அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஒரு மைதானத்தில் லட்சம் பேர் நின்றால், மாநிலத்தில் 2021-ல் இருந்த ஆறு கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. புதுக் கட்சி என்றால் கூட்டத்தை விட்டுவிட்டுப் பழைய புதுக் கட்சிகளைப் பார். 1996-ல் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்பு பிறந்த மூப்பனாரின் தமாகா திமுகவோடு சேர்ந்து நின்று 39 இடம் பெற்றது. தனி அணியாக நின்ற மதிமுகவுக்குப் பூஜ்யம் என்று மேலே சொன்னேன். புதியவருக்கு எத்தனை சதவீதம் என்று யோசித்த உடனே, அது யாருடைய ஓட்டிலிருந்து வருகிறது என்றும் யோசி. அவர் ஒரு இடம்கூட ஜெயிக்காமல், அடுத்தவர் இடத்தை ஐம்பது அறுபது புரட்டிவிட முடியும். இரண்டு பக்கமும் சமமாகக் கடித்தால் ஒன்றும் ஆகாமலும் போகலாம்.

ஓட்டுப்பதிவு கூடினால் ஆட்சி மாறும் என்பதும் அப்படி ஒரு நம்பிக்கை. 2011-ல் 78 சதவீதம், ஆட்சி மாறியது. 2016-ல் அதைவிடக் குறைவு, மாறவில்லை. 2021-ல் அதற்கும் குறைவு, மாறியது. விதி எங்கே? பட்டியலில் இறந்தவர், ஊர் மாறியவர் பெயரை நீக்கினாலே சதவீதம் தானாக ஏறிவிடும். ‘தமிழ்நாட்டில் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிப் போடுவார்கள்’ என்பதையும் சட்டம்போலச் சொல்லிவந்தார்கள். 1989-லிருந்து 2011 வரை ஒரு தேர்தல் தவறாமல் அப்படி நடந்தது உண்மைதான். ஆறே ஆறு தேர்தல்கள். 2016-ல் முடிந்தது. ஆறு தடவை நாணயம் சுண்டி மாறி மாறித் தலையும் பூவும் விழுந்தால் அடுத்தது என்ன என்று உன் பேராசிரியரிடம் கேட்டுப் பார்.

நாடாளுமன்றத் தேர்தலை வைத்துச் சட்டமன்றத்தைக் கணிப்பவர்களுக்கு இரண்டு தேதிகள். 1980 ஜனவரியில் மக்களவைக்கு திமுக, காங்கிரஸ் கூட்டணி 39-ல் 37-ஐ ஜெயித்தது. அந்தச் சூட்டில் எம்.ஜி.ஆர் அரசைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தல். அதிமுக 129 இடங்களோடு திரும்பி வந்தது. 2019 இன்னும் ருசியானது. திமுக அணி மக்களவையில் தேனி ஒன்று தவிர எல்லாவற்றையும் எடுத்தது. அதோடு நடந்த 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் திமுகவுக்கு 13, அதிமுகவுக்கு 9. பெரும்பாலான ஊர்களில் ஒரே நாளில், ஒரே பூத்தில் இரண்டு இயந்திரம் வைத்திருந்தார்கள். டெல்லிக்கு ஒரு பொத்தானும் கோட்டைக்கு ஒரு பொத்தானும் அழுத்திவிட்டு வந்தவர்கள் போதுமான அளவு இருந்தார்கள். அந்த ஒன்பதுதான் எடப்பாடி பழனிசாமி ஆட்சியைக் காப்பாற்றியது.

‘இடம் கூடும், குறையும்’ என்று பந்தயம் கட்டும்போது எதிலிருந்து என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முடிவு வந்த அன்று சண்டைதான். 2016-ல் 232 தொகுதிகளில் ஓட்டுப்பதிவு நடந்து அதிமுக 134. தள்ளிவைத்த இரண்டையும் சேர்த்தால் 136. பிறகு 18 பேர் தகுதிநீக்கம், இடைத்தேர்தல்கள். சபை கலையும்போது எண்ணிக்கை வேறு. போன பொதுத்தேர்தல் முடிவை அடிப்படையாக வைத்துக்கொள்வது என் வழக்கம். கூட்டணி மாறிய கட்சிகளை இப்போது இருக்கிற அணியில் சேர்த்து எண்ண வேண்டும்.

கடைசியாக உங்கள் பந்தய விதியைப் பற்றி. ஆளுக்கு ஒரு எண் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே எண்ணைச் சொல்கிறவன் குருட்டாம்போக்கில் ஜெயிப்பான், யோசித்தவன் இரண்டு சீட்டில் தோற்பான். வானிலைக்காரர்கள் கணிப்புக்கு மார்க் போட 1950-ல் கிளென் பிரையர் என்பவர் ஒரு வழி சொன்னார். ‘இந்தத் தொகுதியில் இந்த அணி ஜெயிக்க 70 சதவீத வாய்ப்பு’ என்று எழுது. ஜெயித்தால் 0.3-இன் வர்க்கம், 0.09, உன் அபராதம். தோற்றால் 0.7-இன் வர்க்கம், 0.49. ‘நூறு சதவீதம்’ என்று மார்தட்டித் தோற்றவனுக்கு முழுசாக ஒன்று. ‘ஐம்பது ஐம்பது’ என்று ஒதுங்குகிறவனுக்கு எப்போதும் 0.25. 234-க்கும் போட வேண்டாம், இழுபறி என்று தோன்றும் முப்பது தொகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அபராதத்தைக் கூட்டி, கூடுதலாக வாங்கியவன் பரோட்டா வாங்கட்டும். மொத்த இடத்துக்கு ‘இத்தனையிலிருந்து இத்தனைக்குள், பத்தில் எட்டுப் பங்கு நம்பிக்கை’ என்று ஒரு வீச்சாக எழுதுங்கள். வீச்சு 20 சீட்டுக்குள் இருந்தால் எழுதியவனுக்கு நம் ஆலையைத் தெரியாது என்று அர்த்தம்.

உன் சொந்தக் கட்சிக்குப் போட்ட எண்ணை மட்டும் வேறு கட்சிக்காரனிடம் காட்டி, அவன் ஏன் சிரிக்கிறான் என்று கேட்டுக்கொள். எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை, உன் அம்மாவுக்குத் தெரிந்தால் என்னைத்தான் திட்டுவாள்.

வேட்புமனு திரும்பப் பெறும் கடைசி நாள் வரை தாளை மூட வேண்டாம். யார் யாரோடு, எந்தத் தொகுதி யாருக்கு, எத்தனை முனை என்பதெல்லாம் அன்று மாலைதான் முடிவாகும். மறுநாள் உன் முப்பது தொகுதிப் பட்டியலை எனக்கு அனுப்பு. நானும் என் பட்டியலை எழுதி வைக்கிறேன். அபராதம் எனக்குக் கூடினால் பரோட்டா என் செலவு, விடுதியில் எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
உன் மாமா